கடைமடைக்கு நெட் வருமா?

ராத்திரி பத்தே முக்கால் ஆச்சுன்னா எங்க வீட்டு வைஃபை படுத்துடும்.

எங்க வீடுன்னா சொந்த வீடு இல்ல. ஒரகடத்துல இன்டர்ன்ஷிப் பண்றதுக்காக நாங்க மூணு பேர் வடக்குப்பட்டுல எடுத்த மாடி ரூம். கீழ ஓனர் குடும்பம் ஒரு போர்ஷன்ல. பின்பக்க போர்ஷன்ல கம்பெனிக்குப் போற அக்காங்க அஞ்சு பேர். எல்லாருக்கும் சேர்த்து ஓனர் அண்ணன் ஒரு ஃபைபர் கனெக்‌ஷன் போட்டிருந்தார். வாடகையோட மாசம் நூறு ரூபாய் கூட, அவ்வளவுதான். பகல்ல பறக்கும். ராத்திரி செகண்ட் ஷிஃப்ட் பஸ் வந்து நின்னு, எல்லாரும் கை கால் கழுவி போனை எடுக்கிற நேரத்துல சுத்த ஆரம்பிச்சிடும்.

ஓனர் அண்ணன் ரெண்டு தடவை கம்ப்ளெய்ன்ட் போட்டார். லைன்மேன் வந்து ரவுட்டர் பக்கத்துல நின்னு, லேப்டாப்ல ஒயரைச் சொருகி டெஸ்ட் பண்ணிக் காட்டினார். காசு குடுத்த ஸ்பீடு அப்படியே வருது. "லைன் பக்கா சார், உங்க போன்தான் பிரச்சனை"ன்னு சொல்லிட்டுக் கிளம்பிட்டார். அவர் சொன்னதுல பொய் எதுவும் இல்ல. லைன் நிஜமாவே பக்கா. ஆனா பின் போர்ஷன் அக்கா ஒருத்தங்க, கள்ளக்குறிச்சிப் பக்கத்துல அவங்க அம்மாகிட்ட விட்டுட்டு வந்த மூணு வயசுக் குழந்தையைப் பார்க்கிறது அந்த பத்தே முக்கால் வீடியோ கால்ல மட்டும்தான். அந்தப் பாட்டி குழந்தையைத் தூங்க விடாம அந்த நேரம் வரைக்கும் உக்கார வெச்சிருப்பாங்க. கால் போனா குழந்தை முகம் பாதியில அப்படியே உறைஞ்சு நிக்கும்.

ஓனர் அண்ணனோட அப்பா, நாங்க தாத்தான்னு கூப்பிடுவோம், திண்ணையில உக்காந்து லைன்மேன் பேசினதை எல்லாம் கேட்டுட்டு ஒண்ணு சொன்னார். "மதகுல தண்ணி ரொம்பி வருதுன்னு சொன்னா ஆச்சா? கடைமடைக்கு வருதான்னு போய்ப் பாத்தானா அவன்?"

நான் ஈசிஇ ஃபைனல் இயர். ஆப்டிகல் ஒரு பேப்பர், வயர்லெஸ் ஒரு பேப்பர் எழுதி பாஸ் பண்ணவன். தாத்தா கேட்ட கேள்வி அந்த ரெண்டு பேப்பருக்கும் நடுவுல இருக்கு. ரெண்டுலயும் அது இல்ல. இந்தக் கட்டுரை அதைப் பத்தித்தான்.

ஒரு விஷயம் முதல்லயே சொல்லிடறேன். நான் எல்கேஜியில இருந்து இங்கிலீஷ் மீடியம். 'மல்டிபிள் ஆக்சஸ்'க்குத் தமிழ்ல என்னன்னு கேட்டா முழிப்பேன். தேடிப் பார்த்ததுல 'பன்முக அணுகல்'னு ஏதோ கிடைச்சது. அதைப் படிச்சா எனக்கே புரியல. தாத்தா தலைமுறைக்கு அதுக்கு ரொம்ப சிம்பிளா ஒரு சொல் இருக்கு: முறை. ஏரித் தண்ணி எல்லாருக்கும் பொது. ஆனா ஒரே நேரத்துல எல்லா வயலுக்கும் பாயாது. அதனால முறை வெச்சுப் பாய்ச்சுவாங்க. யார் மடை எப்போ திறக்கணும்னு பார்க்க ஊர்ல ஒரு நீர்க்கட்டி இருப்பார். வயர்லெஸ்ல தண்ணிக்குப் பதில் காத்து. மத்தபடி கேள்வி அதேதான்: இப்போ யார் முறை?

இனி ஃபைபருக்கு வருவோம். வீட்டுக்கு வர்ற கண்ணாடி இழை நமக்கே நமக்குன்னு வர்றது இல்ல. எக்சேஞ்ச் பக்கம் ஓஎல்டின்னு ஒரு பெட்டி இருக்கும். அதுல இருந்து கிளம்புற ஒரு இழையை வழியில ஸ்ப்ளிட்டர் வெச்சு 32 வீடு, 64 வீடுன்னு பிரிப்பாங்க. ஸ்ப்ளிட்டருக்குக் கரன்ட் வேண்டாம், வெறும் கண்ணாடிதான். இந்த அமைப்புல நம்ம ஊர்ல அதிகம் இருக்கிற ஜிபான் முறையில் கீழ்நோக்கி 2.488 ஜிபிபிஎஸ், மேல்நோக்கி 1.244 ஜிபிபிஎஸ். கீழ்நோக்கி வர்றதுல சண்டை இல்ல. பெட்டி எல்லாருக்கும் சேர்த்துக் கொட்டும், அவங்கவங்க தங்களோடதை மட்டும் எடுத்துக்குவாங்க. மேல்நோக்கிப் போறதுதான் சிக்கல். ரெண்டு வீடு ஒரே நேரத்துல லேசரைப் போட்டா ஸ்ப்ளிட்டருக்கு அந்தப் பக்கம் ரெண்டும் கலந்துடும். அதனால ஓஎல்டிதான் நீர்க்கட்டி. 125 மைக்ரோ செகண்டுக்கு ஒரு தடவை, அதாவது செகண்டுக்கு 8,000 தடவை, யார் எப்போ எவ்வளவு நேரம் அனுப்பலாம்னு சீட்டு எழுதிக் குடுக்கும்.

இதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச ஒரு விஷயம் இருக்கு. எக்ஸாம்ல இதை ரெண்டு மார்க் கேள்வியா மனப்பாடம் பண்ணப்போ எனக்கு எதுவும் தோணல. ஒரு வீடு எக்சேஞ்சுக்குப் பக்கத்துல இருக்கும், இன்னொரு வீடு 20 கிலோமீட்டர் தள்ளி இருக்கும். கண்ணாடி இழையில ஒளி ஒரு கிலோமீட்டர் போக சுமார் 5 மைக்ரோ செகண்ட் எடுக்கும். இந்த வித்தியாசத்தை விட்டா சீட்டு எல்லாம் குழம்பிடும். அதனால ஓஎல்டி ஒவ்வொரு வீட்டு தூரத்தையும் முதல்லயே அளந்து, பக்கத்து வீட்டை "நீ இவ்வளவு நேரம் பொறுத்து அனுப்பு"ன்னு சொல்லிடும். எல்லாரும் ஒரே தூரத்துல இருக்கிற மாதிரி ஆயிடும். ஃபைபர்ல கடைமடையே கிடையாது. தூரத்துல இருக்கிறது அங்க ஒரு குத்தம் இல்ல.

ஃபைபர் வீட்டுச் சுவர்ல முடிஞ்சு, வைஃபை ஆரம்பிக்கிற இடத்துல இந்த மரியாதை முடிஞ்சு போகுது.

வைஃபைல நீர்க்கட்டி கிடையாது. ஒவ்வொரு போனும் காதைத் தீட்டிக் கேக்கும்: வேற யாராவது பேசுறாங்களா? இல்லைன்னா கொஞ்ச நேரம் எண்ணிட்டு, தானே பேச ஆரம்பிக்கும். ரெண்டு பேர் ஒண்ணா ஆரம்பிச்சு மோதிக்கிட்டா ரெண்டு பேரும் இன்னும் கொஞ்சம் கூட எண்ணிட்டு மறுபடி முயற்சி பண்ணுவாங்க. இதோட கொள்ளுத்தாத்தா 1971-ல ஹவாய் பல்கலைக்கழகத்துல நார்மன் ஆப்ராம்சன் குழு ஓட்டிக் காட்டின அலோஹா நெட்வொர்க். தீவுகளுக்கு நடுவுல ரேடியோவில் கம்ப்யூட்டரை இணைக்கிற வேலை. அதுல கேக்கிறது கூட இல்ல. தோணினா பேசு, மோதினா திரும்பப் பேசு. அதோட உச்சபட்ச பயன் 18 சதவீதம்தான். அங்கிருந்து நம்ம வைஃபை நிறைய தூரம் வந்துடுச்சு. ஆனா அடிப்படை குணம் மாறல: தலைவர் இல்லாத கூட்டம், ஆளுக்கொரு வாய்ப்பு.

'ஆளுக்கொரு வாய்ப்பு'ன்னா நியாயமாத்தானே இருக்கு? எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு. 2003-ல பிரான்சின் கிரனோபிள் ஊர் ஆய்வாளர்கள் இதுல ஒரு ஓட்டையைக் காட்டினாங்க. ரவுட்டர் பக்கத்துல இருக்கிற போன் வேகமாப் பேசும், தூரத்துல இருக்கிறது மெதுவாப் பேசும். ஆனா வாய்ப்பு ரெண்டு பேருக்கும் சமம். அந்தக் காலத்து வைஃபை கணக்குலயே போட்டுப் பார்ப்போம். எண்கள் பழசு, தர்க்கம் அதேதான். 1,500 பைட் பாக்கெட் ஒண்ணு. 11 எம்பிபிஎஸ்ல பேசுற போனுக்கு அதை அனுப்ப சுமார் 1.1 மில்லி செகண்ட் ஆகும். 1 எம்பிபிஎஸ்ல பேசுற போனுக்கு 12 மில்லி செகண்ட். இப்போ எட்டு போன் இருக்கு, ஏழு பக்கத்துல, ஒண்ணு தூரத்துல. ஒரு சுத்து முடிய கிட்டத்தட்ட 19.6 மில்லி செகண்ட். அதுல 12 அந்த ஒரே ஒரு போனுக்கே போயிடுது. ஆளுக்கு 0.61 எம்பிபிஎஸ் தேறும். பதினொன்னு ஓடக்கூடிய ஏழு பேரும் அந்த ஒருத்தரால ஒண்ணுக்கும் கீழ வந்துட்டாங்க.

எங்க வீட்டுல அந்த எட்டாவது போன் அக்காவோடது. பழைய மாடல், 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும்தான் எடுக்கும். ரவுட்டர் முன் ஹால்ல. அவங்க ரூம் வீட்டுக்குக் கடைசியில, நடுவுல ரெண்டு சுவர், ஒரு கிச்சன், ஒரு இரும்பு பீரோ. உண்மையில எட்டு போன் மட்டும் இல்ல, லேப்டாப் எல்லாம் சேர்த்தா பன்னண்டுக்கு மேல. ஆனா கதை அதுதான்.

இதைக் கண்டுபிடிச்சப்போ எனக்கு என்ன பெருமைங்கறீங்க! ஊர்ல சும்மா கிடந்த என்னோட ரவுட்டரைக் கொண்டு வந்து மாட்டினேன். செட்டிங்ஸ்ல 'ஏர்டைம் ஃபேர்னஸ்'னு ஒரு ஸ்விட்ச் இருந்தது. வாய்ப்பை சமமாப் பிரிக்காம, நேரத்தை சமமாப் பிரிக்கும். ஆன் பண்ணேன். அன்னைக்கு ராத்திரி பத்தே முக்காலுக்கு மாடில மேட்ச் ஹைலைட்ஸ் தடங்கல் இல்லாம ஓடுச்சு. ஓனர் அண்ணன் மறுநாள் காலையில டீ வாங்கிக் குடுத்தார். "இன்ஜினியர்னா இன்ஜினியர்தான்பா."

மூணு நாள் கழிச்சு ராத்திரி தண்ணி கேன் தூக்கக் கீழ இறங்கினேன். மாடிப்படியில, இருட்டுல, கொசுவை அடிச்சுக்கிட்டே அந்த அக்கா போனோட உக்காந்திருந்தாங்க. ஏங்க்கா இங்கன்னு கேட்டேன். "ரூம்ல சுத்தமா எடுக்க மாட்டேங்குது தம்பி. மூணு நாளா இங்கதான்"னாங்க. என் மேல கோபம் எதுவும் இல்ல. நான்தான் பண்ணேன்னு அவங்களுக்குத் தெரியவும் தெரியாது.

மேல போட்ட கணக்கையே திரும்பப் போடுங்க. நேரத்தை எட்டாப் பிரிச்சா பக்கத்துல இருக்கிற ஏழு பேருக்கும் ஆளுக்கு 1.375 எம்பிபிஎஸ், இரண்டு மடங்குக்கும் மேல. தூரத்து போனுக்கு 0.125. ஏற்கெனவே தட்டுத்தடுமாறி ஓடின வீடியோ கால் 0.61-ல இருந்து 0.125-க்கு இறங்கினா என்ன ஆகும்? அதான் ஆச்சு. நான் தூர்வாரினது இல்ல. கடைமடையோட மடையை அடைச்சுட்டு, தலைமடைக்குத் தண்ணி பெருகிடுச்சுன்னு டீ குடிச்சிருக்கேன்.

இங்க ஒரு நியாயத்தையும் சொல்லணும். அந்த ஸ்விட்சைக் கண்டுபிடிச்சவங்க முட்டாள் இல்ல. ஒருத்தரோட பழைய போனுக்காக ஏழு பேர் ஏன் காத்திருக்கணும்னு கேட்டா அதுவும் நியாயமான கேள்விதான். வாய்ப்பு சமமா, நேரம் சமமா, கடைசியில கையில கிடைக்கிறது சமமா? மூணும் வேற வேற சமம். இதுல எது 'ஃபேர்'னு தீர்மானிக்கிறது டெக்னிக்கல் விஷயம் மாதிரி ஒரு செட்டிங்ஸ் பக்கத்துல ஒளிஞ்சுக்கிட்டு இருக்கு. அந்த ஸ்விட்சுக்கு 'ஃபேர்னஸ்'னு பேர் வெச்சதுதான் எனக்கு இன்னைக்கும் உறுத்துது.

அந்த ஞாயித்துக்கிழமை ஸ்விட்சை ஆஃப் பண்ணிட்டு, முப்பது மீட்டர் நெட்வொர்க் கேபிள் வாங்கி, ஜன்னல் வழியா பின் போர்ஷனுக்கு இழுத்தேன். ஓனரோட பழைய ரவுட்டரை அங்க வெச்சு வேற சேனல்ல விட்டேன். அவ்வளவுதான். அக்கா போன் இப்போ வேகமாப் பேசுது. வேடிக்கை என்னன்னா, சேனலைக் கூட மாத்த வேண்டாம், எட்டு போனும் ஒரே சேனல்ல 11-ல பேசுதுன்னு வெச்சுக்கங்க: ஆளுக்கு 1.375. ஏர்டைம் ஸ்விட்ச் ஏழு பேருக்குக் குடுத்த அதே எண், இப்போ எட்டு பேருக்கும். கடைமடைக்கு ஒயரைக் கொண்டு போனதுல தலைமடைக்காரங்க ஒரு சொட்டு கூட இழக்கல. மெதுவாப் பேசுறவர் சீக்கிரம் பேசி முடிச்சா அடுத்தவர் முறை சீக்கிரம் வரும்.

சரி, ஒரு வாடகை வீட்டுக் கதையை எதுக்கு இவ்வளவு நீட்டுறான்னு கேக்கறீங்களா? நம்ம மாநிலம் முழுக்க இதே கதைதான் நடக்கப் போகுது, அதனால.

பாரத்நெட் திட்டத்துல தமிழ்நாட்டோட 12,525 ஊராட்சிகளுக்கும் ஃபைபர் கொண்டு போற வேலையை டான்ஃபிநெட் நிறுவனம் எடுத்திருக்கு. ஊராட்சிக்கு 1 ஜிபிபிஎஸ் இலக்கு. நல்ல திட்டம், எனக்கு அதுல எந்த வருத்தமும் இல்ல. ஆனா அந்த 1 ஜிபிபிஎஸ் மதகுல அளக்கிற அளவு. ஊராட்சி ஆபீஸ் சுவர்ல இருக்கிற பெட்டிக்கு வந்து சேர்றது. அதுக்கப்புறம் காத்து. அந்தக் காத்துல யார் முறை எப்போன்னு எந்த அறிவிப்புலயும் நான் படிச்சதில்ல. 2023 ஜனவரியில பிராட்பேண்டுக்கான குறைந்தபட்ச வேகத்தை 2 எம்பிபிஎஸ்னு மத்திய அரசு உயர்த்தினது. அதுவும் டவுன்லோடு வேகம். பத்தே முக்காலுக்குக் குழந்தைக்கு முகம் காட்ட வேண்டியது அப்லோடுல.

இன்னொண்ணு ஆள் கணக்கு. நம்மகிட்ட இருக்கிற கடைசி மக்கள்தொகைக் கணக்கு 2011-ஓடது. 2011-ல இந்தப் பக்கம் எப்படி இருந்துச்சுன்னு தாத்தாகிட்ட கேளுங்க. ரெனோ நிசான் தொழிற்சாலை அப்போதான் ஒரு வருஷம் ஆகியிருந்தது. ராயல் என்ஃபீல்டு ஒரகடத்துக்கு வந்தது 2013-ல. வடக்குப்பட்டுல இப்போ வாடகைக்கு இருக்கிற எங்களை மாதிரி ஆளுங்க அந்தக் கணக்குல எங்கயும் இல்ல. அதுலயும் நாங்க பரவலா நாள் முழுக்க நெட் யூஸ் பண்றவங்க இல்ல. ஷிஃப்ட்ல போறோம், ஷிஃப்ட்ல வர்றோம். ஒரே அரை மணி நேரத்துல எல்லா போனும் ஒண்ணா முழிக்கும். சராசரி போட்டா அழகா இருக்கும். அந்த அரை மணி நேரத்துல சராசரிக்கு எந்த அர்த்தமும் இல்ல.

வல்லம் வடகால்ல 2024 ஆகஸ்ட்ல திறந்த பெண் தொழிலாளர் விடுதியை நினைச்சுப் பாருங்க. 18,720 பேர் தங்கக்கூடிய இடம். கணக்குக்காக மட்டும்: அதுல பத்துல ஒருத்தர் ஒரே நேரத்துல வீட்டுக்கு வீடியோ கால் போட்டா 1,872 கால். ஒண்ணுக்கு 1 எம்பிபிஎஸ்னா 1.87 ஜிபிபிஎஸ் மேல்நோக்கி. ஒரு ஜிபான் இழையோட மொத்த அப்லோடே 1.244. இன்னும் நாலு இழை போட்டா ஃபைபர் பக்கம் தீர்ந்துடும், அது பெரிய விஷயம் இல்ல. ஆனா 1,872 போனுக்கும் காத்துல முறை வெச்சுக் குடுக்கிறது எத்தனை ஜிபிபிஎஸ் போட்டாலும் தானா தீராது.

ஜூனியர்ஸ்ல சிலர் இப்போவே கையைத் தூக்குவீங்க: "வைஃபை 6 வந்துடுச்சே ப்ரோ, அதுல ஓஎஃப்டிஎம்ஏ இருக்கே?" இருக்கு. ரவுட்டரே நீர்க்கட்டியா மாறி, ஒரே நேரத்துல அலைவரிசையைத் துண்டு துண்டாப் பிரிச்சு பல போனுக்குக் குடுக்கும். 4ஜி இதை முன்னாடியே பண்ணுது. டவர் மில்லி செகண்டுக்கு ஒரு தடவை சீட்டு எழுதும். ஆனா வைஃபை 6 முறை வேணும்னா போனும் வைஃபை 6 ஆ இருக்கணும். பழைய போன் பழைய மாதிரியேதான் கத்தும். புது போன் யார்கிட்ட இருக்கும், பழைய போன் யார்கிட்ட இருக்கும்னு நான் சொல்லணுமா? ஸ்ரீபெரும்புதூர் ஊரே 2006-ல இருந்து 2014 வரைக்கும் நோக்கியா போன் செஞ்சு உலகத்துக்கு அனுப்பின ஊர். இன்னைக்கும் பக்கத்துல சுங்குவார்சத்திரத்துல ஐபோன் அசெம்பிள் ஆகுது. செய்யற கையில இருக்கிற போன் வேற.

சரியான வழி நான் பின் போர்ஷனுக்குப் பண்ணதுதான்னு நினைக்கிறேன், பெரிய அளவுல: ஃபைபரை ஊராட்சி ஆபீஸ்ல நிறுத்தாம தெருக்கோடி வரைக்கும் கொண்டு போய், சின்னச் சின்ன ஆன்டெனாவா நிறைய வைக்கிறது. யாருக்கும் ஆன்டெனா தூரத்துல இருக்கக் கூடாது. இதுல ஒரு ஆசை எல்லாருக்கும் வரும்: தெருவுல வெறும் ஆன்டெனாவை மட்டும் வெச்சுட்டு, மூளையை எல்லாம் ஒரே இடத்துல வெச்சா செலவு மிச்சம். ரேடியோ அலையை அப்படியே ஒளியில ஏத்தி ஃபைபர்ல அனுப்பிடலாம். ரேடியோ ஓவர் ஃபைபர்னு இதுக்குப் பேர். ஆனா முறை விதி இங்க காலை வாரும். வைஃபை கேட்டுட்டுப் பேசுற ஆள். அது எண்ணுற ஒரு எண்ணிக்கை 9 மைக்ரோ செகண்ட். ஆன்டெனா 5 கிலோமீட்டர் தள்ளி இருந்தா ஃபைபர்ல போகவே 25, போய் வர 50 மைக்ரோ செகண்ட். "கேட்டாச்சு, யாரும் பேசல"ன்னு அது முடிவு பண்றப்போ அது கேட்டது பழைய காத்து. பதில் வர்றதுக்குள்ள "பாக்கெட் தொலைஞ்சு போச்சு"ன்னு திரும்ப அனுப்ப ஆரம்பிச்சிடும். கேட்டுப் பேசுற விதிக்கு நீளமான ஃபைபர் ஒத்துவராது. சீட்டு குடுக்கிற விதிக்கு ஒத்துவரும், அதுக்கும் எல்லை இருக்கு: எல்டிஇ டவர்ல மூளையையும் ஆன்டெனாவையும் பிரிச்சா சுமார் 20 கிலோமீட்டருக்குள்ள வெச்சுக்கணும், இல்லைன்னா பதில் சொல்ற கெடு தாண்டிடும்.

சீட்டு குடுக்கிற விதி நமக்குப் புதுசும் இல்ல. தொண்ணூறுகள்ல ஐஐடி மெட்ராஸ்ல அசோக் ஜுன்ஜுன்வாலாவோட டெநெட் குழுவும் மைடாஸ் கம்பெனியும் சேர்ந்து பண்ண கோர்டெக்ட் நினைவிருக்கா? நினைவிருக்காது, நாம பிறக்கலையே. கிராமத்து வீட்டுக்கு செம்புக் கம்பி இழுக்காம போன், இன்டர்நெட் ரெண்டும் குடுக்கிற அமைப்பு. காத்துல நேரத்தைத் துண்டு போட்டு ஒரு பேஸ் ஸ்டேஷனுக்கு ஒரே சமயத்துல 12 பேர் பேசலாம். அந்த பேஸ் ஸ்டேஷனை எக்சேஞ்சோட இணைக்க செம்பும் உண்டு, ஃபைபரும் உண்டு. மதுரை மாவட்டம் மேலூர்ப் பக்கத்து கிராமங்கள்ல 2000-க்கு அப்புறம் இதை வெச்சு கியோஸ்க் நடத்தினாங்க. வேகம் 35 கேபிபிஎஸ், 70 கேபிபிஎஸ். இன்னைக்கு சிரிப்பா இருக்கும். ஆனா கிடைச்ச துண்டு உன் துண்டு. பக்கத்து வீட்டுக்காரன் படம் பார்த்தாலும் அது கரையாது. வேகத்துல நாம நூறு மடங்கு, ஆயிரம் மடங்கு தாண்டி வந்துட்டோம். அந்த 'உன் துண்டு'ங்கறதை வழியில எங்கயோ விட்டுட்டு வந்துட்டோம்.

சின்ன ஆன்டெனா நிறைய வெச்சா இன்னொரு சிக்கல். இப்போ ரெண்டு நீர்க்கட்டி. போன் முதல்ல டவர்கிட்ட சீட்டு வாங்கணும். டவர் அதை எடுத்துக்கிட்டு வந்து ஃபைபர் பக்கம் ஓஎல்டிகிட்ட இன்னொரு சீட்டுக்கு வரிசையில நிக்கணும். ரெண்டு பேரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்கிறதில்ல. தாசில்தார் ஆபீஸ்ல ஒரு கவுண்டர்ல சீல் வாங்கிட்டு அடுத்த கவுண்டர்ல முதல்ல இருந்து நிக்கிற மாதிரி. ஜப்பானின் என்டிடி ஆய்வாளர்கள் 2014-ல சொன்ன யோசனை அவ்வளவு எளிமை: எந்த போன் எப்போ அனுப்பப் போகுதுன்னு டவருக்கு சில மில்லி செகண்ட் முன்னாடியே தெரியும், ஏன்னா சீட்டு குடுத்ததே அதுதான். அதை அப்போவே ஓஎல்டி காதுல போட்டுட்டா, டேட்டா வந்து சேர்றப்போ ஃபைபர்ல இடம் தயாரா இருக்கும். ரெண்டாவது வரிசையே இல்ல. இப்போ ஐடியு, ஓ-ரான் அமைப்புகளோட ஆவணங்கள்லயும் இது இடம் பிடிச்சிருக்கு.

இதைப் படிச்சப்போ எனக்கு சந்தோஷத்தை விட எரிச்சல்தான் வந்துச்சு. நம்ம டிபார்ட்மென்ட்லயும் ரெண்டு நீர்க்கட்டிதான். ஆப்டிகல் லேப் ஒரு மாடில, வயர்லெஸ் லேப் இன்னொரு மாடில. ஜிபானும் வைஃபையும் ஒரே வாக்கியத்துல வர்ற ஒரு கேள்வி எட்டு செமஸ்டர்ல வந்ததில்ல. எஃப்டிஎம்ஏ, டிடிஎம்ஏ, சிடிஎம்ஏ மூணையும் பெட்டி போட்டு ஒப்பிட்டு எழுதுவோம், பதிமூணு மார்க். யாருக்கு முறை வராம போகும்னு ஒரு மார்க்குக்குக் கூட யாரும் கேட்டதில்ல.

அதனால தேர்ட் இயர் மக்களுக்கு நேரடியா ஒரு கோரிக்கை. ப்ராஜெக்ட் டாபிக் குடுக்கிற மாசம் வருது. இன்னொரு முக அடையாள அட்டெண்டன்ஸ் வேண்டாம், ப்ளீஸ். நம்ம காலேஜைச் சுத்தி ஷிஃப்ட் மாறுற ஊர் எத்தனை இருக்கு! மதியம் ரெண்டரைக்கும் ராத்திரி பத்தே முக்காலுக்கும் போய் அளங்க. ரவுட்டர் பக்கத்துல நின்னு அளக்காதீங்க; கடைசி ரூம்ல, இருக்கறதுலயே பழைய போனை வெச்சு, அப்லோடை அளங்க. அந்த எண்ணை எடுத்துக்கிட்டு கிராம சபைக்குப் போங்க. ஒரு ஊராட்சியிலயாவது '1 ஜிபிபிஎஸ் வந்தாச்சு' போர்டுக்குப் பக்கத்துல 'ராத்திரி பதினோரு மணிக்குக் கடைசித் தெருவுல இவ்வளவு'ன்னு ஒரு எண் எழுத வைங்க. அதை எழுத ஆரம்பிச்சா அந்த எண்ணைக் கூட்டச் சொல்லிக் கேக்க ஆள் வரும்.

ஒரு உபரித் தகவல். இந்த வடக்குப்பட்டுலதான் 2022-ல இந்தியத் தொல்லியல் துறை தோண்டினாங்க. கற்காலக் கருவியும் கிடைச்சது, சங்ககாலப் பொருளும் கிடைச்சது. ஒரே இடம், வேற வேற காலம், ஆளுக்கொரு துண்டு. இதுவும் டிடிஎம்ஏதான்டான்னு என் ரூம்மேட் சொன்ன ஜோக்குக்கு நான் மட்டும்தான் சிரிச்சேன்.

எங்க இன்டர்ன்ஷிப் அடுத்த மாசம் முடியுது, ரூமைக் காலி பண்றோம். கேபிளை அப்படியே விட்டுட்டுப் போறேன். ரவுட்டர் பாஸ்வேர்டு ஓனர் அண்ணன்கிட்ட இருக்கு. ரவுட்டர் மேல ஒரு சீட்டு ஒட்டியிருக்கேன்: 'ஏர்டைம் ஃபேர்னஸை யாரும் ஆன் பண்ணாதீங்க. பண்ணணும்னு தோணினா முதல்ல பின் போர்ஷன்ல கேளுங்க.'